பின்சக்கரத்தின் பங்கு

பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட வேண்டும் என்று பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அலாய் வீலை ஏற்கெனவே வாங்கி மாட்டியிருப்பார்கள். பழைய வீலில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த துருப்பிடித்த டிரம், அலாய் போட்டதும் பளிச்சென்று வெளியே தெரிகிறது. அந்த இடத்தில் சிவப்புக் காலிப்பர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுவதில் தப்பில்லை. வண்டி பார்ப்பதற்கும்தானே. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, "பிரேக் பத்தலீங்ணா" என்று பேச்சை ஆரம்பிப்பார்கள். அங்கேதான் எனக்கு வேலை தொடங்குகிறது. பிரேக் போதவில்லை என்றால் எங்கே, எப்போது, எந்தச் சக்கரத்தில் என்று கேட்டாக வேண்டும்.

கோயம்புத்தூரில் இந்த மாதிரி வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. லேத்தும் ஃபவுண்டரியும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர். வாங்கிய வண்டியை வாங்கியபடியே வைத்திருக்க இங்கே பலருக்குக் கை வராது. எஸ். கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கியது இங்கேதான். 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 2003-இல் செட்டிப்பாளையத்தில் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதற்கெல்லாம் முன்னால் பந்தயம் என்றால் சோழவரம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வரும்வரை, அந்தப் பழைய விமான ஓடுதளத்தில்தான் எல்லோரும் மோதிக்கொண்டார்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி சோழவரத்துக்கு ஃபியட் வண்டிகளோடு போய் வந்தவர். அவற்றில் நாலு சக்கரத்துக்கும் டிரம்தான். ஓடுதளத்தில் நேராக விரட்டி வந்து திருப்பத்தில் மிதித்தால், பாதிப் பந்தயத்துக்கு மேல் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது என்பார்.

டிஸ்க் பிரேக் பேர் வாங்கியதும் பந்தயத்தால்தான். 1953-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப் ஜெயித்தது. இரண்டு வருடம் கழித்து அதே பந்தயத்துக்கு மெர்சிடிஸ் டிரம்மோடுதான் வந்தது. டிரம்மின் பாரத்தைக் குறைக்க, ஓட்டுநருக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று காற்றைத் தடுக்கும் ஒரு பெரிய மூடியை வைத்துக்கொண்டு வந்தது. இந்தக் கதைகளையெல்லாம் படித்துவிட்டு வரும் பையன்களுக்கு டிரம் என்றாலே இளக்காரம். அந்தக் கதைகள் பெரும்பாலும் முன்சக்கரத்தின் பாட்டைப் பற்றியவை என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மாருதி எஸ்டீம். 1994-இல் வந்த வண்டி. 1,298 சி.சி. எஞ்சின், பிற்பாடு எம்.பி.எஃப்.ஐ. வந்தபோது 85 குதிரைத்திறன். எடை 900 கிலோவுக்குள்தான் இருக்கும். அதனால் ராலிக்காரர்களுக்கும் தடத்தில் ஓட்டுகிறவர்களுக்கும் செல்லப்பிள்ளையாக இருந்தது, இன்றும் இருக்கிறது. பலர் அதில் பலீனோவின் 1.6 லிட்டர் எஞ்சினைத் தூக்கி வைத்துவிடுவார்கள். கம்பெனியிலிருந்து வருகிறபோதே முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி அப்படி ஒரு வண்டியைக் கொண்டுவந்தார். பலீனோ எஞ்சின், தாழ்த்திய ஸ்பிரிங், ரோட்டைக் கவ்விப் பிடிக்கிற மென்மையான டயர். உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"பின்சீட்டை எங்கீங்க தம்பி காணோம்?"

"வெயிட் குறையட்டும்னு கழட்டிட்டனுங்ணா. ஸ்டெப்னியும் எடுத்துட்டேன்."

"அப்புறம் பின்னாடி டிஸ்க்கு போடோணும்ங்கறீங்க."

"ஆமாங்ணா. எஞ்சின் பெருசு பண்ணியாச்சு, பிரேக்கும் பெருசு பண்ணோணுமில்லீங்க?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் வண்டிக்குச் செய்ததில் பெரும்பாலானவை பின் பிரேக்கின் வேலையைக் குறைக்கிற காரியங்கள். அதை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி மூக்கைக் குத்துகிறது அல்லவா, அது எடை முன்னால் போவதால்தான். எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட இரண்டு அளவு போதும்: தரையிலிருந்து வண்டியின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி எவ்வளவு. எஸ்டீமில் இடைவெளி 2,365 மி.மீ. உயரம் ஏறக்குறைய அரை மீட்டர். முன்சக்கர இழுவை வண்டி என்பதால் நிற்கும்போதே எடையில் 100-க்கு 62 பங்கு முன்னால், 38 பங்கு பின்னால் என்று வைத்துக்கொள்வோம். நல்ல தார் ரோட்டில் அழுத்திப் பிடித்தால் புவியீர்ப்பில் (ஜி) 0.8 பங்கு வேகக் குறைப்பு கிடைக்கும். அப்போது 17 பங்கு எடை முன்னால் போய்விடுகிறது. பின்னால் மிஞ்சுவது 21. டயரை மாற்றி, பிடிப்பு கூடி, அதே வண்டி ஒரு முழு ஜி-யில் நிற்கிறது என்றால் 21 பங்கு முன்னால் போகும். பின்னால் 17தான் மிச்சம். சீட்டும் ஸ்டெப்னியும் கழற்றியதில் ஆரம்பமே 38-இல் இருந்து 35 ஆகிவிட்டது என்றால், மிஞ்சுவது 14. ஸ்பிரிங்கைத் தாழ்த்தியதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், பெரிதாக ஒன்றும் இல்லை.

அந்த 14 பங்குக்கு மேல் பின் பிரேக்கைப் பலமாக்கினால் கிடைப்பது சக்கரம் லாக் ஆவதுதான். முன்சக்கரம் முதலில் லாக் ஆனால் ஸ்டீயரிங் பேசாது, ஆனால் வண்டி நேராகப் போகும்; காலை எடுத்தால் திரும்ப வழிக்கு வரும். பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டியின் பின்பாகம் முன்னால் வரப் பார்க்கும். அதைத் திருத்த ஓட்டுநருக்குக் கண் இமைக்கிற நேரம்கூடக் கிடைப்பதில்லை. எந்தக் கம்பெனி வண்டியிலும் முன்சக்கரம் முந்தி லாக் ஆகிற மாதிரி வைத்திருப்பது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மழையில் டயருக்குப் பிடிப்பு குறைவு. வேகம் மெதுவாகத்தான் குறையும். எடையும் குறைவாகத்தான் முன்னால் போகும். ஆகவே மழையில் பின்சக்கரத்தால் அதிகம் வேலை செய்ய முடியும். ஈர ரோட்டில் ஓட்டிப் பார்த்து, "பின்னாடி இன்னும் கொஞ்சம் ஏத்தலாம் போலிருக்கே" என்று ஏற்றிவிட்டுப் போனால், மறுவாரம் காய்ந்த ரோட்டில் அதே வண்டி சுற்றும். பின் பிரேக்கின் அளவை எப்போதும் நல்ல பிடிப்புள்ள காய்ந்த ரோட்டை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

சூட்டுக் கணக்கும் இதே கதைதான். ஆளோடு சேர்த்து 1,000 கிலோ வண்டி 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 386 கிலோஜூல் சூடாக மாறுகிறது. 100-க்கு 80 பங்கு முன்னால் போனால், ஒவ்வொரு முன் டிஸ்க்கும் ஒரே நிறுத்தத்தில் 80 டிகிரி சொச்சம் சூடு ஏறும். பின் டிரம் ஒவ்வொன்றும் 20 டிகிரிதான் ஏறும். ஊருக்குள் ஓடும் வண்டியில் பின் டிரம் தொட்டுப் பார்க்கிற சூட்டிலேயே இருப்பது அதனால்தான். மலை இறக்கம் வேறு விஷயம். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். 800 மீட்டர் உயரம் இறங்குகிற வண்டி கீழே கொண்டுவந்து சேர்க்கும் சக்தி, அதே 100 கி.மீ. வேகத்திலிருந்து 20 முறை நிற்பதற்குச் சமம். எஞ்சின் பிரேக்கில் இறங்கத் தெரிந்தவருக்குக் கவலையில்லை. நியூட்ரலில் பெட்ரோல் மிச்சம் பிடித்து இறங்குகிறவர்களுக்கு அத்தனையும் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் தேங்கும். சூடேறினால் டிரம் விரியும், ஷூவை விட்டு விலகிப் போகும்; பெடல் அந்த அளவுக்குக் கீழே இறங்கும். டிஸ்க் சூடேறினால் தடித்து பேடை நோக்கி வரும். டிரம்மின் நிஜமான குறை இதுதான். பலமின்மை என்று அதைச் சொல்ல முடியாது.

பலத்தைப் பொறுத்தவரை டிரம்தான் ஒரு படி மேலே. உள்ளே இருக்கிற இரண்டு ஷூக்களில் முன்பக்க ஷூவை, சுழல்கிற டிரம்மே தன்னோடு இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்கிறது. கதவிடுக்கில் செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுகிற மாதிரி. அதனால் சிலிண்டர் கொடுக்கிற விசையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பிடிமானம் கிடைக்கும். டிஸ்க்கில் அந்தச் சலுகை இல்லை. கொடுத்ததில் முக்கால் பங்குதான் பிடிமானமாகக் கிடைக்கும். இந்த மூன்று மடங்கு வித்தியாசம் பின்னால் வருகிறது, நினைவில் இருக்கட்டும்.

"முதல்ல உங்க டிரம்மைக் கழட்டிப் பார்த்துக்கலாமுங்க. அப்புறமா டிஸ்க்கைப் பத்திப் பேசலாம்" என்றேன். தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது.

எஸ்டீமில் டிரம்மும் ஹப்பும் ஒன்றே. பேரிங் டிரம்முக்குள் உட்கார்ந்திருக்கும். நடு மூடியைத் தட்டி எடுத்து, அச்சு நட்டைக் கழற்றி, இழுப்பானை மாட்டி நாலு அடி அடித்தால் வெளியே வரும். வராவிட்டால் சுத்தியலால் விளிம்பில் அடிக்கக் கூடாது. உள்ளே தேய்ந்த பள்ளத்தில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டு, பின்தகட்டின் ஓட்டை வழியாக ஷூவை உள்ளே தள்ளிவிட்டு இழுக்க வேண்டும்.

டிரம் வந்ததும் முதலில் தூசு. நான் பழகிய காலத்தில் கம்ப்ரசர் காற்றை அடித்து ஊதிவிடுவோம். பட்டறையே ஒரு நிமிடம் சாம்பல் நிறமாகும். மேஸ்திரி துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார், அதுவும் இருமல் வந்த பிறகு. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்த நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாட்டுக்கு இன்னும் முழுத் தடை இல்லை என்பதால், மலிவான லைனரில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. என் பட்டறையில் காற்றடிக்க விடமாட்டேன். சோப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, ஈரத்தோடு துடைத்தெடுக்க வேண்டும்.

தம்பியின் வண்டியில் எதிர்பார்த்ததுதான் இருந்தது. தானாக இடைவெளியைச் சரிசெய்துகொள்ள வேண்டிய அட்ஜஸ்டர் துருவில் உறைந்துபோயிருந்தது. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே தேவையில்லாத இடைவெளி. ஹேண்ட்பிரேக் உயரமாக வருகிறது என்று யாரோ கேபிளை முறுக்கிவிட்டிருந்தார்கள். ஊரெல்லாம் செய்கிற வேலை இது. கேபிளை முறுக்கினால் ஷூ தன் இருப்பிடத்துக்குத் திரும்ப முடியாமல் பாதியில் தொங்கும். அட்ஜஸ்டர் நகரவே நகராது. ஹேண்ட்பிரேக் மட்டும் நன்றாக இருப்பதாகத் தோன்றும், கால் பிரேக் கீழே போய்க்கொண்டே இருக்கும். முறை நேர் எதிரானது. கேபிளை முழுக்கத் தளர்த்து. ஷூவை டிரம்முக்கு நெருக்கமாக வை. கேபிளைக் கடைசியில் தொடு.

அடுத்து, யாரும் பார்க்காத இடம் ஒன்று. பின்தகட்டில் ஷூவின் விளிம்பு உரசி நகர்வதற்கென்று சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஆறு. இருபது வருடம் ஓடிய வண்டியில் அந்த மேடுகளில் ஷூ தன் விளிம்பால் பள்ளம் வெட்டியிருக்கும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். பிரேக் மிதிக்கும்போது ஷூ அந்தப் பள்ளத்தில் சிக்கி, பிறகு விடுபட்டுத் துள்ளும். ஓட்டுநருக்கு அது எப்படித் தெரியும் என்றால், மெல்லத் தொட்டால் ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று பிடிக்கும். டிரம் பிரேக்குக்கே இந்தக் குணம் என்று நினைத்துப் பலர் டிஸ்க்குக்கு மாறுகிறார்கள். அந்தப் பள்ளத்தில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்து, அரத்தால் மட்டமாக ராவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, சூட்டில் உருகாத கிரீஸை ஒரு துளி தொட்டு வைத்தால் போதும். பொறுமை வேண்டிய வேலை, காசு ஆகாத வேலை. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும். அதில் அதிகபட்ச விட்டம் எத்தனை என்று டிரம்மிலேயே பொறித்திருக்கும். இந்த அளவு வண்டிகளில் புதிய அளவைவிட 1 முதல் 2 மி.மீ. வரைதான் அனுமதி. அதைத் தாண்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த லேத்துக்காரர் பேரிங் உட்காரும் இடத்தை ஆதாரமாக வைத்துத்தான் டிரம்மைப் பிடிப்பார். வெளிவிளிம்பைப் பிடித்துக் கடைந்தால் வட்டம் வட்டமாகவே இருக்கும், மையம் மட்டும் விலகியிருக்கும். பெடல் காலடியில் துடிக்கும்.

கடைந்த டிரம்மின் விட்டம் கூடிவிட்டதால், புது ஷூவின் வளைவு அதோடு பொருந்தாது. இங்கே சாக்பீஸ் வேண்டும். லைனர் முழுக்க வெள்ளையாகத் தேய்த்து, டிரம்மைச் செருகி, கையால் அழுத்திக்கொண்டு இரண்டு முறை லேசாகத் திருப்பி எடுப்பேன். சாக்பீஸ் அழிந்த இடம்தான் தொடுகிற இடம். நடுவில் அழிந்திருந்தால் நல்லது. ஓட ஓட இரு பக்கமும் பரவும். நுனியும் அடியும் மட்டும் அழிந்திருந்தால் கெட்டது; முன்பக்க ஷூவின் நுனி முதலில் தொட்டால் டிரம் அதைப் பிடித்து இழுத்து, ஒன்று கீச்சிடும், இல்லை சக்கரத்தை லாக் செய்யும். உப்புத்தாள் ஒட்டிய கட்டையால் அந்த நுனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். மறுபடி சாக்பீஸ். மறுபடி திருப்பு. மேஸ்திரி இதைச் செய்யும்போது ரேடியோவை அணைத்துவிடச் சொல்வார். டிரம்முக்குள் லைனர் உரசும் சத்தத்தை வைத்தே எங்கே தொடுகிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு அந்தக் காது வாய்க்கவில்லை; சாக்பீஸ்தான்.

பிரேக் ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை 205 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு 140. டாட் 4 என்றால் 230, ஈரத்தில் 155. டாட் 5.1 என்றால் 260, ஈரத்தில் 180. பிரேக் ஆயில் காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும். கறுத்துப்போன ஆயிலோடு தடத்தில் நாலு சுற்று விரட்டினால் முன் காலிப்பரில் கொதித்து ஆவியாகும். பெடல் தரையைத் தொடும். தம்பியின் 'பிரேக் பத்தலை'யில் பாதி இந்த ஆயில்தான். ஆயிலை மாற்றி, ஏர் எடுத்து, முன்பக்கத்துக்குச் சூடு தாங்குகிற பேட் போட்டு, பின்னால் மேலே சொன்ன வேலையெல்லாம் முடித்துக் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர் டிஸ்க் பேச்சை எடுக்கவில்லை. பெரும்பாலான வண்டிகளுக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

சிலர் இதோடு நிற்காமல் பெரிய வீல் சிலிண்டர் போடச் சொல்வார்கள். 5/8 அங்குலச் சிலிண்டர் உள்ள வண்டியில் 11/16 அங்குலம் போட்டால் பார்க்க அரை நூல்தான் வித்தியாசம். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். பின் பிரேக் 100-க்கு 21 பங்கு கூடிவிடும். மேலே போட்ட கணக்கை மறந்தவர்களுக்கு மட்டுமே அது நல்ல யோசனை.

ஆனால் இந்தத் தம்பி திரும்பி வந்தார். செட்டிப்பாளையத்தில் தொடர்ந்து ஓட்ட ஆரம்பித்திருந்தார். 2 கி.மீ.-க்குச் சற்று மேற்பட்ட தடம். ஆறப் போதுமான நேர்ப்பாதை கிடையாது. பத்துச் சுற்றுக்குப் பிறகு பின் டிரம் விரிந்து பெடலின் ஆழம் மாறுகிறது. முன்சக்கர இழுவை வண்டியில் வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே திருப்பி, பின்பாகத்தைக் கொஞ்சம் சுழலவிட்டு ஓட்டுவது ஒரு கலை. அதற்குப் பின் பிரேக் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். டிரம்மில் லைனரின் உராய்வு கொஞ்சம் குறைந்தாலும் அந்த ஆப்பு விளைவும் சேர்ந்து குறைந்து பிடிமானம் அதைவிட வேகமாகச் சரியும். டிஸ்க்கில் குறைந்தது குறைந்த அளவுதான். இப்படி ஒரு ஆள் வந்து கேட்டால் எனக்கு மறுப்பில்லை.

எஸ்டீமின் குடும்பத்தில் சுசுகி ஸ்விஃப்ட் ஜி.டி.ஐ. என்று ஒரு வண்டி வெளிநாடுகளில் விற்றது, இந்தியாவுக்கு வரவில்லை. அதற்கு நாலு சக்கரத்திலும் டிஸ்க். அதன் பின்பக்கச் செட் கிடைத்தால் வேலை சுலபம். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் எப்போதாவது ஒன்று கண்ணில் படும். விலை கேட்டால் தலை சுற்றும். கிடைக்காதவர்கள் வேறு வண்டியின் காலிப்பரை வாங்கி, அதைப் பிடிக்கத் தகடு வெட்டி மாட்டுவார்கள். தகடு வெட்டுவதற்கு முன் காலிப்பர் பிஸ்டனின் விட்டத்தைப் பார்க்க வேண்டும்.

முன்பு சொன்ன மூன்று மடங்கு இங்கே வருகிறது. வண்டியில் ஏற்கெனவே இருப்பது 11/16 அங்குல வீல் சிலிண்டர் என்றால் 17.46 மி.மீ.; பரப்பு சுமார் 239 சதுர மி.மீ. டிஸ்க்குக்கு அதைப் போல மூன்று மடங்கு வேண்டும், அதாவது சுமார் 718. 30 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு 707. கிட்டத்தட்ட சரியாக வருகிறது. 34 மி.மீ. பிஸ்டன் உள்ள காலிப்பர் மலிவாகக் கிடைத்தது என்று மாட்டினால் பரப்பு 908. பின் பிரேக் கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். பின்சக்கரம் முந்திக்கொள்ள அது தாராளம். பெரிய காலிப்பர் போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்ட பல வண்டிகள் இந்த நிலையில்தான் ரோட்டில் ஓடுகின்றன.

அப்படியானால் ஒரு அட்ஜஸ்ட் வால்வு வைத்துப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்பார்கள். குறைக்கலாம். ஆனால் இந்த வண்டிகளில் பைப் குறுக்காக ஓடுகிறது: இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரு வரிசை, வலது முன்னும் இடது பின்னும் இன்னொரு வரிசை. ஒன்றில் ஆயில் போனாலும் ஒரு முன்சக்கரமாவது பிடிக்கட்டும் என்ற ஏற்பாடு. அதனால் வால்வு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சிலர் இரண்டு பின் பைப்பையும் ஒன்றாக இணைத்து ஒரே வால்வில் விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்தால் நான் பானெட்டை அப்படியே மூடிவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இணைத்தபின் ஒரு பைப் வெடித்தால் இரண்டு வரிசையும் சேர்ந்து போகும்.

அம்பாசிடர் மாதிரி இன்னும் பழைய வண்டிகளில் வேறொரு கண்ணி உண்டு. டிரம்முக்கான பைப்பில் சிறிதளவு அழுத்தத்தைப் பிடித்துவைக்க ஒரு சின்ன வால்வு இருக்கலாம். டிஸ்க்குக்கு மாற்றும்போது அதைத் தேடி எடுக்காவிட்டால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

தம்பியின் வண்டிக்கு 30 மி.மீ. பிஸ்டன் காலிப்பர். ஹேண்ட்பிரேக் நெம்புகோல் அதிலேயே இருக்கும் வகை. இந்த வகையில் பேட் மாற்றும்போது பிஸ்டனை அமுக்கித் தள்ளக் கூடாது. திருகித்தான் உள்ளே விட வேண்டும். தெரியாமல் கிளாம்ப் போட்டு நசுக்கியவர்களின் காலிப்பர்கள் என் ரேக்கில் இருக்கின்றன.

தடத்தில் ஆளில்லாத காலை நேரத்தில் பார்த்தோம். நேர்ப்பாதையின் ஓரத்தில் நான் குனிந்து உட்கார்ந்துகொள்ள, அவர் 60-இல் வந்து லாக் ஆகும்வரை மிதித்தார். முதலில் எந்தச் சக்கரம் நிற்கிறது என்று வெளியிலிருந்துதான் தெரியும். உள்ளே இருப்பவருக்குத் தெரிகிறபோது தாமதமாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு பட்டை கோடு போட்டிருந்தேன். கோடு சுற்றுவது நின்றதும் கண்ணில் பட்டுவிடும். 60-இல் முன்சக்கரம் முந்தியது. வேகத்தை ஏற்றி 80-இல் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக நின்றன. வேகம் கூடக் கூட வெளியிலிருந்து பார்க்கவே நெஞ்சு அடித்துக்கொள்ளும். பின் பைப்புகளில் வைத்திருந்த இரண்டு வால்வையும் ஒரே அளவு உள்ளே திருப்பினோம். முன்சக்கரம் தெளிவாக முந்துகிற இடத்தில் நிறுத்தி, குமிழ்களைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி கொடுத்தா வளைவுல நல்லாத் திரும்புமுங்களேண்ணா."

"திரும்புமுங்க. நல்லாவே திரும்பும். வேண்டாமுங்க."

ரோட்டு வண்டிகளுக்கு இதைச் செய்து தரச் சொன்னால் சட்டத்தையும் சொல்லிவிடுவேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் சக்கரத்தைப் பார்ப்பார். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் அதைவிடக் கூர்ந்து பார்ப்பார். தம்பியின் எஸ்டீம் இப்போது தடத்துக்கு லாரியில்தான் போய் வருகிறது.

டிஸ்க்குக்கு மாறியதில் நிச்சயமாகத் தோற்றது ஹேண்ட்பிரேக். டிரம்மில் அந்த ஆப்பு விளைவு நின்ற வண்டிக்கும் உதவியது. சின்ன கேபிள் இழுப்புக்கே மேட்டில் வண்டி அசையாது. காலிப்பரில் அதே இழுப்பு போதாது. டிஸ்க் சூடாக இருக்கும்போது இழுத்து நிறுத்தினால், ஆறி டிஸ்க் மெலிந்ததும் பிடி இன்னும் தளரும். ஓட்டி முடித்து வந்ததும் ஹேண்ட்பிரேக்கைத் தொடாமல், முதல் கியரில் போட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். லாரியில் ஏற்றும்போது இரண்டு கட்டை.